4 அடி டேங்க்ல லைவ் ரொக் அடுக்கப் போறேன், சரிஞ்சி விழாம நிக்க என்ன வழி?

நுவரெலியா_நீலம்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன காலமும் நல்ல தண்ணி டேங்க் தான் வச்சிருந்தேன், மொதல்ல கோல்ட்ஃபிஷ், பிறகு செடி டேங்க், இப்ப தான் உப்புத் தண்ணி பக்கம் தலைய விடுறேன். டேங்க் 120 நீளம், 45 அகலம், 50 உயரம், எல்லாம் சென்ரிமீட்டர்ல. ஸ்டாண்டுக்குள்ள ஒரு சின்ன சம்ப், அதான் தண்ணி சுத்தம் பண்ற கீழ் டேங்க். வீடு கீழ் மாடி, சீமெந்துத் தரை, அதனால பாரத்த பத்தி கவல இல்ல. கொழும்புல ஒருத்தரு வெளிநாடு போறதால டேங்க கலைக்கிறாரு, அவருகிட்ட இருந்து பழைய லைவ் ரொக், அதான் பக்டீரியா, சின்னச் சின்ன உயிரு எல்லாம் குடியிருக்குற ஓட்டைக் கல்லு, ஒரு 12 கிலோ வருது, மிச்சத்துக்கு காஞ்ச செரமிக் ரொக் வாங்கி வச்சாச்சி.

இப்ப கேள்வி என்னன்னா ஒவ்வொரு வீடியோவுலயும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தரு ஒட்டவே வேணாம் சும்மா அடுக்குங்கங்கிறாரு, இன்னொருத்தரு ஒரு வாளி சீமெந்து கரைச்சி எல்லாத்தையும் ஒரே கட்டியா ஆக்கிட்டாரு. எனக்கு ஒரு பக்கம் குகை மாதிரி வரணும், மேல ஒரு கல்லு பலகை மாதிரி முன்னுக்கு நீட்டிகிட்டு நிக்கணும், அதுல பிறகு கோரல் வைக்கலாம்னு ஐடியா. மீனு ஒரு சோடி க்ளவுன், அப்புறம் பிஸ்டல் இறாலும் அதோட ஒரே வளையில இருக்குற கோபி மீனும் சோடியா. வீட்ல சின்னப் புள்ளைங்க ரெண்டு இருக்கு, கண்ணாடிய தட்டாம ஒரு நாளும் போகாது. எத்தன கிலோ கல்லு வேணும், எத ஒட்டணும் எத ஒட்டக் கூடாது, அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

ஹட்டன்_கல்லுக்கட்டு:
தம்பி வாங்க வாங்க. மலைநாட்டுல மரைன் டேங்க் வைக்கிறவங்கள கை விட்டு எண்ணிறலாம், ஒரு ஆள் கூடினா சந்தோஷம் தான்.

நான் சொல்றது ஒரே விஷயம். பசை கல்ல நிக்க வைக்காது. ஏற்கனவே நிக்கிற கல்ல நகராம பிடிச்சி வைக்கும், அவ்வளவு தான் அதோட வேல. பசை இல்லாம சொந்தக் கால்ல நிக்காத அடுக்கு பசை போட்ட பிறகும் நம்பத் தகாதது, என்னைக்காச்சும் ஒரு ஒட்டு விடும், விட்டா மேல உள்ளது எல்லாம் ஒண்ணா வரும்.

தோட்டத்துல தேயில மலைய சுத்தி கல்லு அணை கட்டி வச்சிருக்காங்கல்ல, அதப் போய் ஒரு தரம் கிட்ட நின்னு பாருங்க. சீமெந்து ஒரு கரண்டி கெடையாது, மழையும் மண்ணும் அத்தன காலமா தள்ளிகிட்டு இருக்கு, இன்னும் நிக்கிது. எங்க தாத்தா அந்த வேல செஞ்ச ஆளு தான். பெரிய கல்லு அடியில, நீளமான பக்கம் உள்ளுக்கு போகணும் முகத்துக்கு வரக் கூடாது, மேல வைக்கிற கல்லு கீழ உள்ள ரெண்டு கல்லோட இடுக்க மறைச்சி உக்காரணும், முழு அணையும் கொஞ்சம் பின்னுக்கு சாஞ்சி இருக்கணும், ஆட்டம் இருக்குற எடத்துல சின்னக் கல்லு ஆப்பு. டேங்க்லயும் இதே கணக்கு தான், ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. ஒரே வித்தியாசம், அங்க இடுக்க நெருக்கி அடைப்பாங்க, நம்ம இடுக்க தொறந்து விடணும், தண்ணி உள்ள ஓடணும்ல.

டேங்குக்குள்ள நேரா ஆரம்பிக்காதீங்க. ஒரு காட்போட் பெட்டிய வெட்டி 120க்கு 45ன்னு தரையில விரிச்சிக்கங்க. பின் பக்கமும் ரெண்டு சைடும் 5 சென்ரிமீட்டர் உள்ளுக்கு கோடு போடுங்க, முன் பக்கம் அதுக்கும் மேல விடுங்க, அந்தக் கோட்ட தாண்டி ஒரு கல்லும் வரக் கூடாது. காந்தம் போட்டு கண்ணாடி தொடைக்க அந்த எடம் வேணும், கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல குப்ப தங்காம தண்ணி போகவும் வேணும்.

அடிக்கல்லு வச்ச ஒடனே அதோட ஒவ்வொரு மூலையிலயும் ஒரு விரல வச்சி அமுக்கிப் பாருங்க. எங்கயாவது டக்குன்னு ஒரு சின்ன சத்தம் வந்தா அந்தக் கல்லு ரெண்டு புள்ளியில தான் நிக்கிது. தூக்கி கொஞ்சம் திருப்பி வைங்க, இல்ல அடியில நீட்டிகிட்டு இருக்குற மூக்க உளியால தட்டி எடுங்க. மூணு புள்ளியில உக்காந்தா சத்தமே வராது, மூணு கால் ஸ்டூல் ஆடாதுல்ல அதே தான். இப்பிடி ஒவ்வொரு கல்லா சத்தம் நிக்கிற வரைக்கும். கடைசியா காட்போட்ட ஒரு பக்கமா பிடிச்சி லேசா உலுக்குங்க. விழுந்தா விழட்டும், தரையில விழுறது தான் நல்லது.

பிஸ்டல் இறால் வைக்கிறீங்கன்னா இத கட்டாயம் கேளுங்க, மணலுக்கு மேல கல்லு வைக்கவே கூடாது. மொதல்ல கல்லு, கல்ல சுத்தி பிறகு தான் மணல். அந்த இறாலு ராப்பகலா கல்லுக்கு அடியில தான் தோண்டும், கல்லு மணல் மேல உக்காந்திருந்தா அடி சரிஞ்சிரும். கல்லு நேரா கண்ணாடில பட வேணாம்னா சீலிங் லைட்டுக்கு போடுற அந்த வெள்ள கட்டம் கட்டமான ப்ளாஸ்டிக் தட்டு இருக்கே, அத வெட்டி அடியில போடுங்க, பாரம் ஒரு புள்ளியில எறங்காம பரவிரும்.

கிலோ கணக்கு பத்தி, பழைய ஆளுங்க கலனுக்கு ஒரு இறாத்தல்னு சொல்லுவாங்க, அந்தக் கணக்குல உங்க 270 லீட்டருக்கு 32 கிலோ கிட்ட வரும். அது கல்லு மலிவா கெடச்ச காலத்துக் கணக்கு. கல்லு நல்லா ஓட்ட ஓட்டயா இலேசா இருந்தா 18, 20 கிலோவே தாராளம். மீனுக்கு நீந்த எடம் வேணும்ல.

கண்டி_ரீஃப்_நானா:
ஹட்டன் அண்ணன் சென்னது நூத்துக்கு நூறு. ஆனா ஒண்ணு, ஒட்டாம வைக்கிறது எனக்கு ஒத்து வராது. 2020 ஓகஸ்ட்ல திகண பக்கம் நிலம் ஆடிச்சே, யாவகம் ஈக்கா? பெரிசா ஒண்ணும் இல்ல, ஆனா டேங்க் வச்ச ஆளுக்கு அந்த நேரம் வயிறு கலங்கும். புள்ளைங்க ஓடுற வீடு, ரோட்டோரம் லொறி போற வீடு எல்லாம் அதே கணக்கு தான். அடுக்கி முடிச்சி ஆட்டம் இல்லைன்னு கண்ட பொறகு ஒட்டுங்க.

ஒட்டுறதுக்கு ரெண்டு சாமான். ஒண்ணு எபொக்ஸி புட்டி, களிமண் மாதிரி உருட்டி வரும், ரெண்டு நிறம். மத்தது சுப்பர் குளூ, தண்ணி மாதிரி ஓடுறது இல்ல, ஜெல் டைப். புட்டி மட்டும் போட்டா கல்லுல பிடிக்காது, அது ஓட்டைக்குள்ள பூந்து ஆப்பு மாதிரி நிக்கும், ஆனா உரிச்சா உரிஞ்சி வரும். ஜெல் மட்டும் போட்டா இடைவெளி நெறப்பாது. அதனால மேல் கல்லுல ஜெல் ஒரு சொட்டு, கீழ் கல்லுல ஒரு சொட்டு, நடுவுல புட்டி உருண்ட, வச்சி ஒரு அமுக்கு, லேசா ஒரு திருகு. அந்தத் திருகு தான் முக்கியம், ஜெல் ஈரத்துல பட்ட ஒடனே மேல தோல் கட்டிரும், திருகினா தோல் கிழிஞ்சி உள்ள உள்ள ஜெல் கல்லுல பிடிக்கும். தண்ணிக்குள்ளயும் இதே முறை தான்.

நுவரெலியாவுக்கு ஒரு விசேஷம் ஈக்கி. அந்தக் குளிருக்கு எபொக்ஸி லேசுல எறுகாது. கொழும்புல அரை மணில கல்லா போறது உங்க ஊட்டுல மணிக்கணக்கா பிசுபிசுன்னு நிக்கும். குச்சிய பொலித்தீன்ல சுத்தி இளஞ்சூட்டுத் தண்ணில கொஞ்சம் போட்டு வச்சிட்டு பொறகு பிசையுங்க. கோடு கோடா ரெண்டு நிறம் தெரியக் கூடாது, முழுக்க ஒரே நிறமா வரணும், கையில சூடு தெரியும், அப்ப தான் வைக்கணும். ஹீட்டர் போட்ட டேங்குக்குள்ள பிரச்சின இல்ல, வெளிய ஒட்டி வைக்கிறதா இருந்தா ராவைக்கு அசைக்காம விடுங்க.

இன்னொண்ணு, சுவெட்டரோட, கம்பளி கிளவுஸோட சுப்பர் குளூ வேல செய்யாதீங்க. பருத்தி, கம்பளியில நெறைய பட்டா சூடாகி புகை வரும், தோல் சுட்டுரும். ரப்பர் கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி, ஜன்னல் தொறந்து.

புட்டி டேங்குக்குள்ள போட்டா ஸ்கிம்மர், அதான் நுரையோட அழுக்க எடுக்குற மெஷின், பைத்தியம் பிடிச்ச மாதிரி நுரை தள்ளும். ஒரு நாள் ரெண்டு நாள்ல தானா அடங்கும், கப்ப கழட்டிட்டு ஓட விடுங்க.

தலவாக்கலை_தரங்கம்:
எல்லாரும் காசு குடுத்து கல்லு வாங்குறது பத்தியே பேசுறீங்க. போன வருசம் நிலாவெளி பக்கம் ட்ரிப் போனப்ப கரையில செத்த முருகைக்கல்லு, அதான் கோரல் கல்லு, சும்மா குவிஞ்சி கெடந்திச்சி. ஒரு மூட்ட கட்டி வேன்ல போட்டா முடிஞ்சிது. செத்தது தானே, யாருக்கு நட்டம்?

பேராதெனிய_பொடியன்:
அண்ணை, அந்த வேலை மட்டும் வேண்டாம். முருகைக்கல் எடுக்கிறது கடத்துறது எல்லாம் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில குற்றம். சட்டம் 1981இல வந்தது, 1988 திருத்தத்தோட இன்னும் இறுக்கினவை. ஹிக்கடுவை அம்பலாங்கொடைப் பக்கம் முருகைக்கல்லைத் தோண்டிச் சுண்ணாம்புச் சூளையில போட்டுக் கரையே கடலுக்குள்ள போன கதை இருக்கு, அதுக்காகத்தான் இந்தச் சட்டம். 1998இல கடல் சூடாகி முருகை வெளிறினதில மிச்சம் இருந்ததும் நிறையச் செத்துப் போச்சு. நிலாவெளிக்குக் கிட்ட இருக்கிற புறாத் தீவுப் பக்கம் கரையில கிடக்கிற துண்டும் சும்மா கிடக்கேல்ல, அதுதான் அலையை மறிக்குது, அதுக்குமேல தான் புதுக் குஞ்சு ஒட்டி வளரும். பாதையில செக்கிங் நடந்தா வேனையும் விட்டிட்டு வரவேண்டியிருக்கும்.

கடை ரொக் வாங்கினாலும் எங்கயிருந்து வந்தது எண்டு கேளுங்கோ. வெளிநாட்டு லைவ் ரொக் சைட்டிஸ் எண்ட, அழியிற உயிர்களின்ர வியாபாரத்தைக் கட்டுப்படுத்திற சர்வதேச ஒப்பந்தத்தின்ர பட்டியலுக்குள்ள வருது, பேப்பர் இல்லாமல் வராது. செரமிக், கையால செய்த ரொக், இன்னொருத்தற்ற பழைய டேங்க் ரொக், இந்த மூண்டும் தான் மனச்சாட்சிக்கும் சட்டத்துக்கும் சரி. நுவரெலியா அண்ணை எடுத்த வழி நல்ல வழி.

தலவாக்கலை_தரங்கம்:
சரி சரி விட்டுட்டேன் ஐடியாவ. அப்ப நம்ம ஆத்துல கெடக்குற கல்லு? கொத்மலை ஓயாவுல எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. இல்லன்னா ஸ்டோர்ல டொலமைட் மூட்ட இருக்கு, தேயிலைக்கு போடுறது, அதுவும் சுண்ணாம்புக் கல்லு தானே?

பேராதெனிய_பொடியன்:
மலைநாட்டுக் கல் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், குவாட்சைட், இப்பிடி நல்லா வெந்து இறுகின கல். உள்ளுக்குத் துளை எண்டு ஒண்டும் இல்லை. லைவ் ரொக்கின்ர வேலையே அந்தத் துளைக்குள்ள தான் நடக்குது. மேல் பக்கத்தில இருக்கிற பக்டீரியா அமோனியாவை நைட்ரைட், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். உள்ளுக்கு ஒட்சிசன் குறைஞ்ச இடத்தில வேற கூட்டம் இருந்து நைட்ரேட்டை நைதரசன் வாயுவா மாத்தி விடும். ஆத்துக் கல்லில மேல் தோல் மட்டும் தான் கிடைக்கும். அதோட பாரம் கூட. கல்லில தங்க நிறத்தில மினுங்கினா அது பைரைட்டா இருக்கலாம், இரும்பும் கந்தகமும், அதைத் தொடவே வேண்டாம்.

டொலமைட் எண்டது கல்சியம் மக்னீசியம் காபனேற்று. திகணப் பக்கத்து மாபிளும் அந்தக் கூட்டம் தான். கட்டியாக் கிடைச்சா நஞ்சு இல்லை, ஆனா துளை இல்லை. உப்புத் தண்ணியின்ர பிஎச் 8க்கு மேல இருக்கேக்க அது கரையவும் மாட்டுது, கல்சியம் ஏறும் எண்டு நினைச்சுப் போட்டா ஒண்டும் ஏறாது. ஸ்டோர் மூட்டையில இருக்கிறது தூள், பக்கத்தில யூரியா மூட்டையும் இருந்திருக்கும், அதைத் தேயிலைக்கே விடுங்கோ.

பதுளை_மேசன்:
நான் தொழில்ல மேசன் தான், அதனால சீமெந்த பத்தி ரெண்டு வார்த்த சொல்லாட்டி தூக்கம் வராது.

கையால ரொக் செய்யலாம், நல்லா வரும், நான் செஞ்சி வச்சிருக்கேன். சாதாரண போட்லண்ட் சீமெந்து ஒரு பங்கு, நொறுக்கின சிப்பியும் டேங்குக்கு போடுற அரகொனைட் மணலும் கலந்து மூணு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. புத்தளம் கல்லுப்பு தான், கடையில மூட்டையா கெடைக்கும், பெரிய பரலா பாத்து எடுங்க. தண்ணி ரொம்பக் கம்மி, கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும் ஒழுகக் கூடாது. ஒரு பெட்டில ஈர மணல் நெரப்பி கையால குழி தோண்டி அதுக்குள்ள கலவைய போட்டு, குகை வேணும்னா நடுவுல ஈர மணல் உருண்ட வச்சி மூடுங்க. அடுத்த நாளைக்கு மேல எடுத்து தண்ணில போட்டா உப்பு கரைஞ்சி ஓட்ட ஓட்டயா வரும்.

ஆனா பொறுமை வேணும். புது சீமெந்துல இருந்து சுண்ணாம்பு எறங்கும், தண்ணிட பிஎச் 12 வரைக்கும் தூக்கிரும், அப்பிடியே டேங்குல போட்டா ஒரு உசிரு மிஞ்சாது. பீலித் தண்ணி ஓடுற எடம் இருந்தா ஒரு பீப்பாய்ல போட்டு ஓட விடுங்க, இல்லன்னா மாத்தி மாத்தி ஊற வைங்க, வாரக்கணக்கா, ஒரு மாசத்துக்கு கொறையாம. முடிஞ்சிதான்னு பாக்க, புதுத் தண்ணில கல்ல போட்டு ஒரு ராத்திரி வச்சிட்டு கல்லு போட்ட வாளியையும் போடாத வாளியையும் பிஎச் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா சரி. வோட்டர் ப்ரூஃப் கலவ, சீக்கிரம் எறுகுற கலவன்னு ஹார்ட்வெயார்ல குடுக்குற எதையும் சேக்காதீங்க.

இனி ஹட்டன் அண்ணனோட ஒரு சண்ட. அண்ணே, நீட்டிகிட்டு நிக்கிற பலகை கல்லு வேணும்னு தம்பி கேக்குறாரு, அத சும்மா அடுக்கி வைக்க முடியாது. ஓட்ட போட்டு கம்பி விடணும். 8 மில்லிமீட்டர் மேசன் பிட், ட்ரில்ல ஹாமர் மோட் நிப்பாட்டிட்டு மெதுவா, கொஞ்சம் தண்ணி விட்டு விட்டு. செரமிக் ரொக்கு அவசரப்பட்டா ரெண்டா போகும். உள்ள விடுறது அக்ரிலிக் குச்சி, இல்லன்னா ஃபைபர் குச்சி. இரும்பு வேணாம், கடை ஸ்டெயின்லெஸும் உப்புல துரு பிடிக்கும், செம்பு பட்டா இறாலு நண்டு எல்லாம் செத்துப் போகும். குச்சிய சுத்தி ஜெல்லும் புட்டியும். அப்பிடி செஞ்சா ஒரு கல்லு என்ன, பூரா அடுக்கையும் அந்தரத்துல நிப்பாட்டலாம்.

ஹட்டன்_கல்லுக்கட்டு:
மேசன் தம்பி, குச்சி போடுறதுக்கு நான் எதிரி இல்ல. அந்தரத்துல நிப்பாட்டுறதுக்கு தான் எதிரி. பலகை கல்லுட நீளத்துல மூணுல ரெண்டு பங்கு உள்ளுக்கு உக்காரட்டும், ஒரு பங்கு தான் வெளிய. அப்ப குச்சி இல்லாமலே நிக்கும். நின்ன பிறகு குச்சி விடுங்க, அது பக்கவாட்டுல நகராம பாத்துக்கும். கோரல் வளர்ந்தா அந்த நுனில பாரம் கூடிகிட்டே போகும், அத யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. கடல் முள்ளெலி, அந்த அர்ச்சின், ஒண்ணு விட்டா அது முட்டித் தள்ளுற தள்ளுல சின்னக் கல்லு எல்லாம் உருளும், அந்த நேரம் தான் ஒட்டு எப்பிடின்னு தெரியும்.

பூரா அடுக்கையும் ஒரே கட்டியா ஆக்குறதுல இன்னொரு தொல்லை. ஒரு நாளைக்கு ஒரு மீன பிடிக்கணும், ஒரு கல்லுல பூச்சி வந்திச்சி, டேங்க வேற எடத்துக்கு மாத்தணும். அப்ப என்ன செய்றது? ரெண்டு கையால தூக்கக் கூடிய அளவுக்கு ரெண்டு மூணு துண்டா ஒட்டுங்க. ஒவ்வொரு துண்டும் தனியா நிக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு வைக்கிற எடத்துல பசை வேணாம், குச்சிய மட்டும் ஓட்டைக்குள்ள எறக்கி விட்டா போதும்.

பதுளை_மேசன்:
அது ஒத்துக்கிறேன். துண்டு துண்டா செய்றது நல்லது தான். ஆனா நான் சொன்ன மாதிரி குச்சிய மொதல்லயே திட்டம் போட்டு வைங்க, டேங்க் தண்ணிக்குள்ள போன கல்லுல பிறகு ட்ரில் பிடிக்கிறது கரண்டோட வெளையாட்டு.

பண்டாரவளை_டீச்சர்:
எல்லாரும் விழுறது பத்தியே பேசுறீங்க, நான் மூச்சு விடுறது பத்தி கொஞ்சம் சொல்றேன். இது மலைநாட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சின, கொழும்பு ஆளுங்களோட வீடியோவுல வராது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்க காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல உள்ளதுல 80 வீதம் தான். தண்ணில கரையிற ஒட்சிசனும் அதே அளவுக்கு கொறையும். 25 பாகைல, சாதாரண கடல் உப்புக்கு, கீழ லீட்டருக்கு 6.7 மில்லிகிராம் கிட்ட கரையும், நுவரெலியாவுல 5.4 கிட்ட தான். குளுந்த தண்ணில ஒட்சிசன் கூட கரையும்னு நீங்க நெனைக்கலாம், ஆனா வீடு தானே குளிரு, டேங்க நம்ம ஹீட்டர் போட்டு 25ல வச்சிருக்கோம், அதனால அந்த லாபம் நமக்கு கெடையாது.

இதுக்கும் கல்லு அடுக்குறதுக்கும் என்ன சம்பந்தம்னா, செவரு மாதிரி பின் கண்ணாடிய ஒட்டி அடுக்கினா பின்னால தண்ணி அசையாம நிக்கும், அங்க குப்ப சேரும், அது அழுகுறப்ப இருக்குற கொஞ்ச ஒட்சிசனையும் குடிச்சிரும். கீழ உள்ளவங்களுக்கு நம்மள விட கால் பங்கு கூட கையில இருக்கு, நமக்கு இல்ல. அதனால அடுக்குறப்ப ஒரு பக்கம் இருந்து டோர்ச் அடிச்சி பாருங்க, வெளிச்சம் எங்கயாவது ஊடுருவி மத்தப் பக்கம் தெரியணும். வெளிச்சம் போற வழில தண்ணியும் போகும். குகைக்கு ஒரு வாசல் வைக்காதீங்க, ரெண்டு வைங்க. ஒரு பம்ப் மேல் மட்டத்த கலக்கிகிட்டே இருக்கட்டும்.

கரண்ட் போனா இன்னும் மோசம். 2022 மார்ச் கடைசில 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அந்த மாதிரி திரும்ப வரக் கூடாதுன்னு வேண்டிக்குவோம், ஆனா மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போறது நமக்கு புதுசா? பட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம். டேங்க சுத்தி ரிஜிஃபோம் தட்டு வச்சி மேல ஒரு போர்வைய போட்டா சூடு மெதுவா தான் எறங்கும், ஏர் பம்ப் காத்து போக ஒரு மூலைய மட்டும் தொறந்து விடுங்க.

ஹீட்டர் பத்தியும் ஒண்ணு. வெளிய 16, உள்ள 25ன்னா ரெண்டு 200 வாட் ஹீட்டர் வைங்க, ஒண்ணு பழுதானாலும் மத்தது இருக்கும். ரெண்டையும் சம்புக்குள்ள வைங்க. கல்லுக்குப் பின்னால மறைச்சி வைக்கிறாங்க, பாக்க வடிவா தான் இருக்கும், கல்லு ஒண்ணு நகந்து கண்ணாடிக் குழாய்ல பட்டா என்ன ஆகும்னு யோசிச்சிப் பாருங்க. ட்ரிப் ஸ்விச் வேல செய்தான்னு அந்த டெஸ்ட் பட்டன அமுக்கி பாத்துட்டு தண்ணில கைய வைங்க.

நுவரெலியா_நீலம்:
டீச்சர், ஒட்சிசன் விஷயம் எனக்கு தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. எல்லாருக்கும் தான்.

சனிக்கிழம காட்போட் விரிச்சி அடுக்கிப் பாத்தேன். இடது பக்கம் உயரமா ஒரு தீவு, 32 சென்ரிமீட்டர் வரைக்கும், அதுல குகையும் பலகையும். வலது பக்கம் தட்டையா ஒரு சின்னத் தீவு. நடுவுல ஒரு சாண் வெறும் மணல், இறாலுக்கு. டோர்ச் அடிச்சா குகைக்குள்ள போய் பின்னால வருது. ஹட்டன் அண்ணன் சொன்ன மாதிரி விரல வச்சி அமுக்கினா குகையோட வலது தூண் மட்டும் டக்குன்னு சொல்லுது, எப்பிடி திருப்பினாலும் சொல்லுது. பலகை கல்லு பாதி வெளிய பாதி உள்ள நிக்கிது, கைய எடுத்தா நிக்கிது, ஆனா நுனில ஒரு விரல் வச்சா முன்னுக்கு சாயிது. இத என்ன செய்யலாம்?

ஹட்டன்_கல்லுக்கட்டு:
தூண திருப்பாம தலகீழா வைச்சிப் பாருங்க. எல்லாரும் கல்லுட அழகான முகத்த வெளிய காட்டணும்னு பிடிவாதம் பிடிப்பாங்க, தட்டையான முகம் அடிக்கு போகணும், அழகு ரெண்டாவது. அப்பவும் ஆடினா அதே செரமிக் கல்லுல உடஞ்ச துண்டு ஒண்ண ஆப்பு வச்சி புட்டியால பிடிச்சிருங்க. ஆப்பு வெளிப் பக்கத்துல இருந்து உள்ளுக்கு போகணும்.

பலகை கல்ல ரெண்டு விதத்துல சரி பண்ணலாம். ஒண்ணு, பின்னுக்கு தள்ளி மூணுல ரெண்டு பங்கு உள்ள. இல்ல, முன்னுக்கு அவ்வளவு நீட்டம் தான் வேணும்னா பின் நுனில ஒரு பாரமான கல்ல மேல ஏத்துங்க, உங்களுக்கு வர்ற பழைய லைவ் ரொக்ல கனமான ஒண்ணு இருக்கும். அதுக்கு மேல குச்சி. நுனில விரல் இல்ல, நாலு விரல வச்சி அமுக்கினாலும் அசையக் கூடாது.

கண்டி_ரீஃப்_நானா:
லேயவுட் நல்லா ஈக்கி. பலகைக்கு மேல தண்ணி மட்டம் வரைக்கும் ஒரு 12 சென்ரிமீட்டராவது இருக்கட்டும், கோரல் மேல தான வளரும்.

பழைய ரொக்க அப்பிடியே ஒட்டாதீங்க, அது வர்ற அன்னைக்கு வழவழன்னு சளி பிடிச்ச மாதிரி ஈக்கும், ஜெல் பிடிக்காது. ஒட்டுற எடத்த மட்டும் பல் துலக்குற பிரஷ்ஷால தேச்சி துணியால ஒத்தி எடுத்துட்டு ஒட்டுங்க. மிச்ச எடத்துக்கு உப்புத் தண்ணி தெளிச்சிகிட்டே இருங்க, காய விட்டா உள்ள உள்ளது செத்துரும்.

கொழும்புல இருந்து எப்பிடி கொண்டு வாறீங்க?

நுவரெலியா_நீலம்:
மச்சான் ஒருத்தன் மரக்கறி லொறி ஓட்டுறான், கீழ போயிட்டு வெறுங்கையா தான் வருவான், அதுல. ராத்திரி ஏறினா காலைல வந்திரும்.

கண்டி_ரீஃப்_நானா:
சூப்பர். ஈரப் பத்திரிக பேப்பர்ல ஒவ்வொரு கல்லா சுத்துங்க, அந்த உப்புத் தண்ணில தான் நனைக்கணும். ரிஜிஃபோம் பெட்டி, மூடி. தண்ணி நெரப்பி கொண்டு வர வேணாம், கல்லு உருண்டு ஒண்ணோட ஒண்ணு மோதும். வந்த பொறகு நேரா டேங்க்ல போடாம ஒரு பெரிய பீப்பாய்ல உப்புத் தண்ணி அடர்த்தி 1.025ல வச்சி, ஹீட்டர், பம்ப் போட்டு இருட்டுல வைங்க. வழில செத்தது எல்லாம் அங்க அழுகி முடியட்டும். மூக்க கிட்ட கொண்டு போனா முட்ட அழுகின வாசன வந்தா இன்னும் முடியல்ல, கடல் வாசன வந்தா சரி. அமோனியா, நைட்ரைட் ரெண்டும் சைபர் காட்டணும், அதுக்கு பொறகு தான் மீன பத்தி யோசிக்கணும்.

தலவாக்கலை_தரங்கம்:
உப்பு கரைக்கிற தண்ணி? நம்ம பீலித் தண்ணி எவ்வளவு சுத்தம், ஆர்ஓ ஃபில்டர் எல்லாம் தேவையா?

பண்டாரவளை_டீச்சர்:
தண்ணில கரைஞ்சது எல்லாத்தையும் மொத்தமா அளக்குற டீடீஎஸ் மீட்டர்ல ரொம்ப கொறைவா தான் காட்டும், அது உண்ம. ஆனா பீலிக்கு மேல தேயில மல இருந்தா உரம் போட்ட மாசத்துல நைட்ரேட்டும் சேந்து எறங்கும், மீட்டர் அத தனியா காட்டாது. நைட்ரேட், பொஸ்பேட் ரெண்டையும் டெஸ்ட் பண்ணிட்டு முடிவெடுங்க. நான் ஆர்ஓ தான்.

அப்புறம் நீலம் தம்பி, உப்பு கரைக்கிறப்ப 270ன்னு கணக்கு போடாதீங்க. கல்லும் மணலும் எடத்த பிடிச்ச பிறகு, மேல விடுற இடைவெளியும் போக, டேங்குக்குள்ள 220 லீட்டர் இருந்தா பெரிசு. மருந்து, கல்சியம்னு பின்னுக்கு எது ஊத்தினாலும் அந்த நெசக் கணக்கோட சம்புல உள்ளத கூட்டி தான் ஊத்தணும்.

நுவரெலியா_நீலம்:
தலகீழா வச்சேன் அண்ணே, தூண் சத்தம் நின்னுருச்சி! பலகை கல்லுக்கு பாரம் லைவ் ரொக் வந்த பிறகு. கடைசியா ஒண்ணு, பழைய ரொக்ல மீன அடிச்சித் தின்னுற மாண்டிஸ் இறால் ஒளிஞ்சி வரும்னு படிச்சேன். டக் டக்னு சத்தம் கேக்குமாமே?

கண்டி_ரீஃப்_நானா:
கேக்கும். பீப்பாய்ல இருக்கும் போதே ராவைக்கு காத குடுத்து கேளுங்க, செவப்பு டோர்ச் அடிச்சி பாருங்க. சந்தேகம் உள்ள கல்ல உப்பு கூடின தண்ணி ஒரு வாளில சில நிமிசம் முக்கினா உள்ள ஒளிஞ்ச நண்டு, புழு, மாண்டிஸ் எல்லாம் துள்ளி வெளிய வரும். வெறும் நல்ல தண்ணில முக்காதீங்க, பக்டீரியாவும் செத்துரும். கண்ணாடி மாதிரி சின்ன அனிமோன் ஒட்டி இருந்தா அது ஐப்டேசியா, அந்த எடத்துல ஜெல் குளூ ஒரு சொட்டு வச்சி மூடிருங்க.

இதெல்லாம் பிஸ்டல் இறால் விடுறதுக்கு முன்னுக்கு முடிச்சிருங்க. அதுவும் டக் டக்னு தான் அடிக்கும், விட்ட பொறகு எது அடிக்கிதுன்னு யாருக்கும் செல்ல ஏலாது.